தொடையின் பின்தசையும் தொழுபவரின் ருகூஉவும்

ஸமூது கூட்டத்தார் ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்திற்கு இழைத்த கொடுமையைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கூறுகிறது. அவ்விடங்களில் வரும் ‘அகர’ என்னும் அரபிச் சொல்லுக்கு, ஒட்டகத்தின் பின்னங்கால் நரம்பைத் தறிப்பது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் எழுதியிருக்கின்றனர். அக்காலத்து அரபிகள் பெரியதோர் ஒட்டகத்தை வீழ்த்த வேண்டுமானால் முதலில் அதன் காலின் பின்புறத்தைத்தான் வெட்டுவார்கள். அதன் பிறகு அந்த ஒட்டகத்தால் ஓடவும் இயலாது, ஊன்றி நிற்கவும் இயலாது. ஆங்கிலத்திலும் இப்படியே. ‘ஹாம்ஸ்ட்ரிங்’ என்ற சொல் முழங்கால் மடிப்பின் பின்னாலுள்ள நாணைக் குறிக்கப் பிறந்தது. ஒருவரைச் செயலற்றவராக்குவதற்கும் அதே சொல்லை வழங்குகிறார்கள்.

விலங்கின் கால் அமைப்பும் மனிதனின் கால் அமைப்பும் வேறு வேறு. ஆயினும் காலின் பின்புறம் கெட்டால் நடை கெடும் என்பது இரண்டிற்கும் பொது. நம்மில் பலர் அந்தத் தசையைப் பற்றி நினைப்பதே இல்லை. ஓடும்போதோ வழுக்கும்போதோ அது ‘பட்’டென்று கிழிந்த பிறகுதான், ஒவ்வொரு ருகூஉவிலும் அதுவே நம் முதுகைத் தாங்கி நின்றது என்பது தெரிய வருகிறது. இம்மாதப் பாடத்தில் அந்தத் தசையின் அமைப்பையும், அது கிழிவதையும், ஆறுவதையும், அந்நாட்களில் தொழுகையில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய அளவையும் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழுகை ஓர் உடற்பயிற்சி என்று சொல்ல நாம் வரவில்லை. தொழுகை இபாதத். ஆனால் அந்த இபாதத்தை நிறைவேற்றும் கருவி இந்தச் சரீரம். கருவி பழுதுபட்டால் அதைச் செப்பனிடும் முறையை அறிந்திருப்பதும் நம் பொறுப்பேயாகும். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பதை அப்துல்லாஹிப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை நாம் அறிவோம்.

ஒரு சகோதரரின் அனுபவம்

நமக்கு நன்கு அறிமுகமான சகோதரர் ஒருவர். வயது 42. ஜவுளிக் கடை வைத்திருப்பவர். ஒரு ஷஃபான் மாதத் தொடக்கத்தில், மணமானவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் இடையே தெருப் பிள்ளைகள் நடத்திய கால்பந்தாட்டத்தில் இவரும் இறங்கினார். பல வருடங்களாக ஓடியறியாதவர், பந்தைக் கண்டதும் வாலிபரைப் போல் பாய்ந்தார். பத்தடி தாண்டுவதற்குள் தொடையின் பின்புறத்தை யாரோ கல்லால் அடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தார், பின்னால் யாருமில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் உள்ளோர் ‘நரம்பு பிடித்துக்கொண்டது’ என்றார்கள். சுளுக்கு எடுப்பவர் வந்து எண்ணெய் விட்டு நன்றாக அழுத்தி உருவினார். அன்றிரவு தொடை வீங்கியது. மறுநாள் முழங்கால் மடிப்பு வரை நீலம் பாய்ந்தது. அப்படியிருந்தும் அவர் ஐந்து வேளையும் பள்ளிக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முழுமையாகவே ருகூஉ செய்தார். வலியோடு தொழுதால் நன்மை அதிகம் என்பது அவருடைய எண்ணம். இரண்டு வாரம் கழித்து வலி சற்றுக் குறைந்தது. ‘சுகமாகிவிட்டது’ என்று, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அதே இடம் மீண்டும் கிழிந்தது. இம்முறை முன்னதைவிட மோசம்.

ரமளான் முழுவதும் நாற்காலியில் தொழுதார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரமளான் போய், ஷவ்வால் போய், ஹஜ்ஜுப் பெருநாளும் கடந்த பின்பும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு நாள் அஸருக்குப் பின் இமாம் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து மெதுவாகக் கேட்டார்கள்:

“என்ன தம்பி, கால் இன்னும் சுகமாகவில்லையா?”

“நடக்கிறேன் ஹஜ்ரத். மாடிப்படி ஏறுகிறேன். கடையில் துணி மூட்டைகூடத் தூக்குகிறேன். ருகூஉவுக்குக் குனிந்தால் மட்டும் மறுபடியும் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.”

“மூட்டையைக் குனியாமலா தூக்குகிறீர்கள், தம்பி?”

சகோதரர் பதில் சொல்லவில்லை. மறுநாளே உடலியக்கச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபி நிபுணரிடம் போனார்.

இந்தச் சகோதரர் செய்த பிழைகள் இரண்டு. சலுகை தேவைப்பட்ட நாளில் அதை ஏற்க மறுத்தார். சலுகை தேவைப்படாத நாளில் அதை விட மறுத்தார். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: தசையின் நிலை அவருக்குத் தெரியவில்லை.

அமைப்பு

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள்ளன. இரண்டு உட்புறமாகவும் ஒன்று வெளிப்புறமாகவும் செல்கின்றன. வெளிப்புறத் தசைக்கு நீண்டது, குட்டையானது என இரு தலைகள் உண்டு. அந்தக் குட்டைத் தலை மட்டும் தொடை எலும்பிலிருந்து புறப்படுகிறது. மற்றவை யாவும் நாம் உட்காரும்போது தரையில் படுகிறதே, அந்த இருக்கை எலும்பிலிருந்து புறப்பட்டு, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. முழங்காலை மடக்கி, மடிப்பின் இரு பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கயிறு போல் விறைத்து நிற்பவை இத்தசைகளின் நாண்களே.

இவை இடுப்பு, முழங்கால் ஆகிய இரண்டு மூட்டுக்களைக் கடந்து செல்கின்றன என்பதை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். இடுப்பு மடங்கினால் இவை மேலிருந்து இழுபடும். முழங்கால் நிமிர்ந்தால் கீழிருந்து இழுபடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இழுப்பு மிக அதிகமாகும். முழங்காலை நிமிர்த்தி, இடுப்பை மடித்து, முதுகை மட்டமாக வைத்து நிற்கும் நிலை எது? ருகூஉதான்!

ஐந்து வேளை ஃபர்ளு மட்டும் 17 ரக்அத். ஆகவே 17 ருகூஉ. ஸுன்னத்துக்களையும், ரமளானில் தராவீஹையும் சேர்த்தால் இன்னும் எத்தனையோ. கிழிந்த தசை ஒவ்வொரு நாளும் அத்தனை முறை இழுபடுகிறது.

ஸுஜூதில் இடுப்பு இன்னும் அதிகமாக மடங்கினாலும் முழங்காலும் மடங்கிவிடுவதால் தசை தளர்ந்து கொடுக்கிறது. எனவேதான் இக்காயம் பட்டவர் பலருக்கு ருகூஉ கடினமாகவும் ஸுஜூது எளிதாகவும் இருக்கிறது. குனிவதைவிட நிமிர்வதில் வலி தோன்றுவதும் உண்டு. ஏனெனில் குனிந்த முதுகைத் தூக்கி நிறுத்தும் வேலையில் பிட்டத்துத் தசையோடு இந்தப் பின்தசைக்கும் பங்கு இருக்கிறது.

இது நரம்பு அன்று, தசை. ஆனால் இதன் அருகிலேயே உடலின் மிகப் பெரிய நரம்பு ஒன்று இடுப்பிலிருந்து கால் வரை ஓடுகிறது. முதுகுத்தண்டில் அது நசுங்கினாலும் தொடையின் பின்னால் வலிக்கும். அடிபடாமலும் ஓடாமலும் வந்த வலி, முதுகு வலியோடு வந்த வலி, முழங்காலுக்குக் கீழே மரத்துப்போதலும் எரிச்சலும் சேர்ந்த வலி ஆகியவற்றைத் தசைக் கிழிவு என்று தாமே முடிவு செய்துவிடக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிழிவது எப்படி?

இரண்டு விதமாகக் கிழிகிறது. முதலாவது, வேகமாக ஓடும்போது. முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்திய கணத்தில், வீசிச் செல்லும் காலுக்குக் கடிவாளம் போட்டு நிறுத்துவது இந்தத் தசைதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய அந்தக் கணத்தில் அது கிழிகிறது. பெரும்பாலும் வெளிப்புறத் தசையின் நீண்ட தலையே பாதிக்கப்படும்.

1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரை இறுதி ஓட்டத்தில் பிரிட்டனின் டெரெக் ரெட்மண்ட் என்ற வீரருக்கு இதுவே நேர்ந்தது. பாதையில் மண்டியிட்டவர், எழுந்து ஒற்றைக் காலால் நொண்டி வந்தார். பார்வையாளர் பகுதியிலிருந்த அவருடைய தந்தை ஓடி வந்து, மகனைத் தோளில் தாங்கி எல்லைக் கோடு வரை நடத்திச் சென்றார். அந்தக் காட்சியைக் கண்டு உலகமே கண் கலங்கியது. உலகின் அதிவேக மனிதரான ஜமைக்காவின் உசைன் போல்ட்டும் 2017-ல் லண்டனில் ஓடிய கடைசி ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே விழுந்தார். நாளெல்லாம் பயிற்சி செய்பவர்களுக்கே இந்நிலை என்றால், வருடத்தில் ஒரு நாள் ஓடுகிற நாம் எம்மாத்திரம்!

இரண்டாவது, தசை அளவுக்கு மீறி இழுபடுவது. நடனமாடுபவர்களிடம் இதை மிகுதியாகக் காண்கிறார்கள். நம்மிடையே இது வழுக்குவதால் வருகிறது. ஹவ்ளு ஓரத்துப் பாசியிலோ ஈர முற்றத்திலோ ஒரு கால் நிமிர்ந்தபடி முன்னே சறுக்க, உடல் முன்னால் மடங்க, இருக்கை எலும்பை ஒட்டிய நாண் கிழிகிறது. ஆண், பெண் இருபாலாருக்கும் இது நேரும்.

இரண்டில் எது மோசம்? ஓடும்போது கிழிந்தது முதல் நாளில் அதிகமாக வலிக்கும். வழுக்கிக் கிழிந்தது, ‘ஒன்றுமில்லை’ என்று நினைக்கும்படி இலேசாகத் தோன்றும். ஸ்வீடனில் 18 ஓட்ட வீரர்களையும் 15 நடனக் கலைஞர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். பழைய நிலைக்குத் திரும்ப, ஓட்ட வீரர்களில் நடுத்தரமானவருக்கு 16 வாரம் சென்றது. நடனக் கலைஞர்களில் நடுத்தரமானவருக்கு 50 வாரம் சென்றது! ஆகவே முதல் நாள் வலியை வைத்து மட்டும் காயத்தை எடை போடக் கூடாது.

முதல் நாட்களில் செய்ய வேண்டியதும் கூடாததும்

தசை கிழிந்ததும் உள்ளே இரத்தம் கசிகிறது. இந்நிலையில் எண்ணெய் தேய்த்து உருவுவதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், ‘இழுத்துவிட்டால் சரியாகும்’ என்று காலை நீட்டி இழுப்பதும் கசிவை அதிகமாக்கும். சுளுக்கு எடுப்பவரின் கைத்திறனை நாம் குறை கூறவில்லை. புதிதாகக் கிழிந்த தசை அவருக்குரிய இடமன்று என்றே கூறுகிறோம்.

முதல் நான்கைந்து நாட்களுக்கு, வலி தூண்டும் அசைவைத் தவிர்த்து, மீள்தன்மையுள்ள பட்டையால் அளவாகக் கட்டி, படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்துதல் என்ற நான்கையும் 1978-ல் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின் ஒரு முறையாக வகுத்தார். பிற்காலத்தில், ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே வலி தணிய வேண்டி, துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் ஐஸ் வைப்பதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முழுப் படுக்கையும் கூடாது. வலிக்காத அளவுக்குச் சிறு சிறு நடை நல்லது.

கீழ்க்கண்ட குறிகளில் ஒன்றிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

1. ‘பட்’டென்ற சத்தத்தோடு விழுந்து, காலை ஊன்றவே முடியாமை.
2. பிட்டத்தின் கீழிருந்து தொடை நெடுக நீலம் பாய்தல்; அல்லது தசை ஓரிடத்தில் பள்ளமாகவும் வேறிடத்தில் திரளாகவும் தோன்றுதல்.
3. முழங்காலை மடக்க வலுவே இல்லாமை.
4. பாதம் மரத்தல், அல்லது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருத்தல்.

நாண் எலும்பிலிருந்து முற்றிலும் பிய்ந்திருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதைக் காட்டிவிடும். தாமதித்தால் பிய்ந்த நாண் சுருங்கி மேலும் விலகிப்போவதால், சிகிச்சை கடினமாகும்.

ஆறும் விதம்

இலேசான கிழிவு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறலாம். நடுத்தரமானதற்கு நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். முழுக் கிழிவுக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் செல்லும். இவை பொதுக் கணக்கே. ஒவ்வொருவர் நிலையும் வேறுபடும்.

கிழிந்த இடத்தில் புதிய தசை நார்கள் முளைக்கின்றன. இடைவெளியை வடு நிரப்புகிறது. அந்த வடு ஆரம்பத்தில் பலவீனமானது. சிறிது சிறிதாகப் பளு கொடுத்து வந்தால்தான், இழுப்பு வரும் திசையில் அதன் இழைகள் ஒழுங்காக அமைந்து பலப்படும். பளுவே கொடாமல் வைத்திருந்தால் வடு பலவீனமாகவே நின்றுவிடும். சுற்றியுள்ள தசையும் மெலியும். அவசரப்பட்டு மிகுதியான பளு கொடுத்தால் மீண்டும் பிரியும். நம் சகோதரர் முதலில் மிகுதியாகக் கொடுத்தார். பின்னர் கொடுக்கவே இல்லை.

வலி நின்றதும் சுகமாகிவிட்டது என்று எண்ணுவதே பெரிய ஏமாற்றம். நடக்கும்போது வலி போய்விடும். ஓட்டத்தைத் தாங்கும் வலிமை அதற்குப் பல வாரம் கழித்தே வரும். முன்பு ஒரு முறை கிழிந்திருப்பதுதான் மறுபடி கிழிவதற்கு முக்கியக் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்தாட்டக் குழுக்களில் 2001-02 பருவத்தில் எல்லாக் காயங்களிலும் இது 12 சதவீதமாக இருந்தது. 2021-22 பருவத்தில் 24 சதவீதமாகிவிட்டது. சிறந்த வைத்தியர்களைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களின் நிலையே இதுவென்றால், நாம் அவசரப்படலாமா?

படிப்படியான பயிற்சி

நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில் செய்வதே சிறந்தது. பொதுவான வரிசை இது. பத்துக்கு மூன்று பங்கு வலிக்கு மேல் போகக் கூடாது. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் ஒரு படி இறங்கிவிட வேண்டும்.

முதற்படி: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி, பத்து எண்ணும் வரை நிறுத்துதல். கால் அசையாது, தசை மட்டும் இறுகும். பத்து முறை.

இரண்டாம் படி: அதே நிலையில் இரு காலையும் ஊன்றி இடுப்பைப் பாலம் போல் உயர்த்துதல். பழகியபின் குதிகாலைச் சற்றுத் தள்ளி வைத்தும், பிறகு ஒரே காலிலும் செய்யலாம்.

மூன்றாம் படி: நின்றுகொண்டு, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து மெதுவாகக் குனிந்து மெதுவாக நிமிர்தல். முதலில் கை தொடையின் நடுவைத் தொட்டால் போதும். வாரத்துக்கு வாரம் கை முழங்காலை நெருங்கும். முழு ருகூஉவிற்குத் திரும்பும் வழி இதுவே. நீண்ட நிலையில் தசையைப் பலப்படுத்தும் இத்தகைய பயிற்சிகளைச் ஸ்வீடனில் 75 கால்பந்தாட்டக்காரர்களிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். இவற்றைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாட்களிலும், வழக்கமான பயிற்சி செய்தவர்கள் 51 நாட்களிலும் ஆட்டத்திற்குத் திரும்பினார்கள்.

நான்காம் படி ஓடி விளையாடும் வாலிபர்களுக்கு மட்டும். மண்டியிட்டு நிற்க வேண்டும். தோழர் ஒருவர் பின்னாலிருந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வார். உடல் பலகை போல் நேராக இருக்க, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் 50 குழுக்களைச் சேர்ந்த 942 வீரர்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சியைப் பத்து வாரம் செய்து தொடர்ந்தவர்களிடையே 15 காயங்களும், செய்யாதவர்களிடையே 52 காயங்களும் ஏற்பட்டன. செலவில்லாத பயிற்சி, ஆனால் முதல் சில நாட்கள் தசை நன்றாக வலிக்கும். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் தொடங்க வேண்டும்.

இணக்கம் பற்றி ஒரு சொல்

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை உயர்த்திப் பாருங்கள். ஏறக்குறைய செங்குத்தாக வந்தால் தசை இணக்கமாக உள்ளது. பாதியிலேயே நின்றுவிட்டால் விறைப்பாக உள்ளது. விறைத்த தசையுள்ளவர் ருகூஉ செய்யும்போது இடுப்பு மடங்காது. அதற்கு ஈடாக நடுமுதுகு கூனும். ருகூஉவில் முதுகு மட்டமாக இருக்க வேண்டும், தலை உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கக் கூடாது என்று படித்திருந்தும் நம்மில் பலருக்கு அது வராமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறிய தசையை, அல்லது ஆரோக்கியமான தசையை, மெதுவாக நீட்டி 30 வினாடி நிறுத்தினால் போதும். 60 வினாடி நிறுத்துவதால் அதிகப் பயன் கிடைக்கவில்லை என்று 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. குதித்துக் குதித்து இழுக்கக் கூடாது. ஆனால் இணக்கம் மட்டும் தசையைக் காத்துவிடாது. முதல் சில வாரங்களில் நீட்டுவதால் கிடைக்கும் இணக்கத்தில் பெரும்பகுதி, இழுப்பைத் தாங்கும் பழக்கமே தவிர, தசை நீண்டுவிட்டதால் அன்று. இணக்கத்தோடு வலிமையும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸஃயின் ஏழு நடையும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் விரைந்து செல்வது ஸுன்னத்து. அது பந்தய ஓட்டமன்று. இயலாதவர் அதை விட்டு நடந்தால் ஸஃயு கூடாமல் போவதில்லை. ஊரில் இருக்கும்போதே சில வாரங்கள் நடந்தும், மெல்ல ஓடியும் பழகிச் செல்வது நல்லது.

காயமுற்றவரின் தொழுகை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறை குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது உட்கார்ந்தே தொழுதார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். மூலநோயால் சிரமப்பட்ட இம்ரானிப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழவும் அவர்கள் வழி காட்டியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கின்றார்கள். சலுகையை ஏற்பது பலவீனமன்று. அது ஸுன்னத்தின் வழி. கிழிந்த தசையை ருகூஉவில் மேலும் கிழிப்பது வணக்கத்தின் பகுதியாகாது.

ஆயினும் சலுகை எந்த உறுப்புக்கோ அந்த உறுப்புக்குரிய செயலுக்கு மட்டுமே. நிற்க முடிகிறது, ருகூஉ மட்டும் முடியவில்லை என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் நிலையை விட்டுவிடக் கூடாது. நின்றே தொழுது, ருகூஉவிற்கு இயன்ற அளவு குனிய வேண்டும். அதுவும் இயலாவிட்டால் தலையால் சைகை செய்ய வேண்டும். ஸுஜூது முடிந்தால் அதை முறைப்படி செய்ய வேண்டும். ஸுஜூதும் செய்ய இயலாதவர் விஷயத்தில் ஹனஃபீ மத்ஹபில் வேறு விளக்கம் உண்டு. அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம், தம்மால் முடிவது எது, முடியாதது எது என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டுக்கொள்வாராக. சைகையால் தொழுபவர் ருகூஉவின் சைகையைவிட ஸுஜூதின் சைகையைத் தாழ்வாகச் செய்ய வேண்டும்.

நாற்காலியை எல்லோருக்கும் ஓய்வென்று நினைப்பதும் தவறு. இருக்கை எலும்பை ஒட்டிக் கிழிந்தவருக்கு, நாற்காலியின் பலகை சரியாகக் காயத்தின் மேலேயே அழுத்தும். அவருக்கு நிற்பது எளிது, உட்காருவதுதான் வேதனை. இருப்பிலும் அப்படியே. கடைசி அத்தஹிய்யாத்தில் இடது பிட்டத்தைத் தரையில் வைத்து அமரும்போது, இடப்புறம் காயமுற்றவருக்கு வலிக்கும். அந்த அமர்வு ஸுன்னத்தானது, உட்காருவதே கடமை. ஆகவே வலிக்காத வேறு விதத்தில் அமர்ந்துகொள்ளலாம்.

இனி, திரும்பி வருவதைப் பற்றி. தடங்கலுக்காக அனுமதிக்கப்பட்டது அத்தடங்கல் நீங்கியதும் நீங்கிவிடும் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் விதி. தடங்கல் எப்போது நீங்கியது என்பதைப் பயம் தீர்மானிக்கக் கூடாது. அவசரமும் தீர்மானிக்கக் கூடாது. ஒரு வாரம் கை தொடையின் நடுவரை வந்தால், அந்த வாரத்தின் ருகூஉ அதுவே. அடுத்த வாரம் முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலே வந்தால், அந்த வாரத்தின் ருகூஉ அது. முடிந்ததை விடாமலும் முடியாததைத் திணிக்காமலும் போகும் இந்த வழியில், தசையின் ஆறுதலும் தொழுகையின் நிறைவும் சேர்ந்தே முன்னேறுகின்றன.

நம் சகோதரருக்கு நிபுணர் சொல்லிக் கொடுத்ததும் இதையே. ஏழு வாரம் சென்றது. ஒரு ஃபஜ்ரில் அவருடைய இரு கைகளும் முழங்காலைப் பற்றின. முதுகு மட்டமாக நின்றது. அன்று தொழுகை முடிந்ததும் அவர் தாமே எழுந்து, தமக்காகப் போடப்பட்டிருந்த நாற்காலியை மடித்துச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். தேவையுள்ள வேறொருவருக்கு அது உதவும் அல்லவா?

நாள் தவறாமல் நம்மை நிறுத்தி, குனிய வைத்து, நிமிர வைக்கும் ஒவ்வொரு தசையும் அல்லாஹுத்தஆலா நமக்களித்த அமானிதம். அதைக் காக்கும் அறிவையும், அது பழுதுபட்ட நாளில் அவன் தந்த சலுகையை ஏற்கும் பணிவையும், சுகமான நாளில் முழுமையாகக் குனியும் துணிவையும் அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.